ஆராய்ச்சி நேரம்

காலை ஆறு மணிக்கே இரும்பு வார்க்கும் பவுண்டரியில் உலையின் வாய் திறந்துவிட்டது. வெளியே பால்கன் மலையடிவாரம் முழுக்க ஜனவரிப் பனி முழங்கால் ஆழம் கிடக்க, உள்ளே உருகிய இரும்பு மஞ்சளாய்த் தளதளத்தது. முகத்துக்கு எதிரே நெருப்பு, முதுகுக்குப் பின்னால் உடைந்த ஜன்னல் வழியே வரும் குளிர். வெனெட்டா தோல் கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வார்ப்புக் கரண்டியின் நீண்ட கம்பியை ஒரு முனையில் பிடித்தாள். மறுமுனையில் துர்ஹான். கரண்டியும் இரும்புமாக ஐம்பது கிலோவுக்கு மேல். இருவரும் ஒரே மூச்சில் தூக்கி, ஒரே அடியில் நடந்து, மணல் அச்சின் துளைக்குள் ஒரே சாய்வில் ஊற்ற வேண்டும்.

“மெதுவா அக்கா. இடது பக்கம் ஈரமா இருக்கு.”

“பாத்துட்டேன்.”

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் இடம் அது. உருகிய இரும்பு ஈரத்தில் பட்டால் வெடித்துத் தெறிக்கும். ஆறு வாரத்துக்கு முன் அப்படித்தான் தெறித்தது. அன்று இந்த முனையைப் பிடித்திருந்தவன் வெனெட்டாவின் தம்பி மின்ச்சோ. அவன் கை நழுவி, கரண்டி சாய்ந்து, இரும்பு அவனுடைய வலது பூட்சுக்குள் இறங்கியது. பூட்சைக் கத்தியால் அறுத்து எடுத்தவள் வெனெட்டாதான். பாதிப் பாதத்தை எடுத்துவிட்டோம் என்று பிளோவ்டிவ் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது “சரி” என்றாள். “தம்பி எடத்துல நீ நிக்கிறியா?” என்று ஃபோர்மேன் கேட்டபோதும் “சரி” என்றாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாயில் ஒன்றுபோலவே இருந்தன. யாராவது ஆறுதலாகத் தோளைத் தொட்டால், அது வேறு யாருடைய தோளோ என்பதுபோல் நின்றாள். அழுகை வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை.

ஊற்றுக்கூடத்தின் மூலையில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஓர் இயந்திரம் நின்றது. இரும்பு ஊற்றும் இயந்திரக் கை. ஆள் பத்தடி தள்ளி நின்று பொத்தானை அமுக்கினால் போதும், கரண்டியை அதுவே தூக்கி ஊற்றும் என்று சொல்லித்தான் முதலாளி ஸ்டமாட்டோவ் அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதியை வாங்கினார். வந்து இரண்டு வருடமாகிறது. ஒரு சொட்டு இரும்பை அது ஊற்றியதில்லை. தொழிலாளிகள் அதன்மேல் தங்கள் குளிர்கோட்டுகளை மாட்டி வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மின்ச்சோவின் கட்டிலருகே அசென் உட்கார்ந்திருந்தார். பவுண்டரியின் பழைய இன்ஜினியர். போன இலையுதிர் காலத்தில் வேலையை விட்டுப் போனவர். ஒரு பை ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார்.

“மன்னிச்சுக்கடா மின்ச்சோ. அந்த மிஷின் கை ஓடியிருந்தா நீ இங்க படுத்திருக்க மாட்ட.”

“அது எங்கண்ணே ஓடும்? நம்ம ஃபோர்மேன் மாதிரி அதுக்கும் உடம்பு மட்டும்தான இருக்கு, மூளை இல்லையே” என்று மின்ச்சோ சிரித்தான்.

அசென் சிரிக்கவில்லை. “மூளைக்கும் சேத்துத்தான் பணம் வந்துச்சு” என்றார். “நிதி வர்றதுக்கு முன்னாடி ஸ்டமாட்டோவ் தன் கைக்காசுலதான் எனக்கு ஒரு ரூமும் ரெண்டு மெக்கானிக்கும் குடுத்திருந்தாரு. கொஞ்சம்தான். ஆனா வேலை நடந்துச்சு. பழைய டிராக்டர் பாகத்துல ஒரு கை செஞ்சு, தண்ணிய ஊத்திக் காட்டினோமே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. எல்லாரும் கைதட்டினோம்” என்றாள் வெனெட்டா.

“அப்புறம் சர்க்கார் பணம் மூணு மடங்கா வந்துச்சு. அவர் போடுறதோட இதுவும் சேரும்னு நான் கனவு கண்டேன். அவரு தான் போட்டதை நிறுத்திட்டாரு. ‘அதான் சர்க்கார் போடுதே, நான் எதுக்கு?’ன்னாரு. மெக்கானிக்குங்களை உற்பத்திக்கு அனுப்பினாரு. வெறும் கூட்டை மட்டும் வாங்கி நிறுத்தினாரு. மிச்சம் சம்பளமாப் போச்சு.”

“யார் சம்பளம்?”

“உங்க சம்பளம்தான். மாசா மாசம் ஒரு தாள்ல கையெழுத்துப் போடுறீங்களே, மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?”

அவள் படித்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் யாருமே படித்ததில்லை.

“ஆராய்ச்சி நேரம், எண்பது மணின்னு இருக்கும். காகிதத்துல நீங்க எல்லாரும் ஆராய்ச்சியாளருங்க.”

“அடேயப்பா! எட்டாவதுல ரெண்டு தடவை ஃபெயிலான ஆராய்ச்சியாளன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்” என்றான் மின்ச்சோ. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அப்போ அந்தத் திட்டமே திருட்டுத் திட்டமாண்ணே?” என்று வெனெட்டா கேட்டாள்.

“இல்லம்மா. நான் இப்ப வேலை பாக்குற பட்டறைக்கும் அதே நிதிதான் வந்துச்சு. அந்த முதலாளியம்மா சர்க்கார் ஒரு லெவ் காசு குடுத்தா தானும் ஒண்ணு எடுத்து வச்சாங்க. புகை உறிஞ்சற மிஷின் இன்னைக்கு ஓடுது. எங்க ஆளுங்களுக்கு இருமல் குறைஞ்சிருக்கு. வாங்குறவங்க தன் கைக்காசையும் போடணும், அவ்வளவுதான்.”

திரும்பி வரும் பஸ்ஸில் வெனெட்டா தனக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் ஆபீசுக்குப் போய், அங்கே கணக்கு எழுதும் கெர்கானாவிடம் அந்தத் தாள்களைக் கேட்டாள். கெர்கானா கதவைச் சாத்திவிட்டு எடுத்துக் காட்டினாள். போன மாதத் தாளில் மின்ச்சோவின் பெயரும் இருந்தது. எண்பது மணி. அருகே ஒரு கையெழுத்தும் இருந்தது.

“இது அவன் கையெழுத்து இல்ல.”

“தெரியும்” என்றாள் கெர்கானா, தரையைப் பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டமாட்டோவ் ஊற்றுக்கூடத்துக்கு வந்தார். பின்னால் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெர்கானா. பெட்டி நிறைய வெள்ளைக் கோட்டுகள்.

“நாளன்னிக்கு சோஃபியாலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க” என்றார். “எல்லாரும் இதைப் போட்டுக்கிட்டு மிஷினைச் சுத்தி நில்லுங்க. ஆளுக்கொரு பென்சில். கேட்டா ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லுங்க. தீந்தது வேலை.”

“பொத்தானை அமுக்கிக் காட்டச் சொன்னா முதலாளி?” என்றான் துர்ஹான்.

“சொல்ல மாட்டாங்க.”

“அப்போ கல்யாணப் பொண்ணு முக்காட்டை எடுக்காமலே மோதிரம் மாட்டிரலாம்னு சொல்லுங்க.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. வெனெட்டா பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

“இதுல என் தம்பியோட கோட்டு எது?”

சிரிப்பு நின்றுபோனது.

“வெனெட்டா, உன் வருத்தம் எனக்குப் புரியுது…”

“வருத்தம் இல்ல முதலாளி. கேக்குறேன். போன மாசம் அவன் எண்பது மணி நேரம் ஆராய்ச்சி பண்ணியிருக்கானே. ஒத்தக் கால்ல நின்னு பண்ணினானா?”

ஸ்டமாட்டோவின் கழுத்து சிவந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. “ஜெர்மன்காரன் ஆர்டரைப் பாதியாக் குறைச்சான்” என்றார். “அந்தப் பணம் இல்லேன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். உங்க அடுப்பு எரிஞ்சது அதுல. இப்ப வாயைத் திறந்தீங்கன்னா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க, அப்புறம் கேட்டை மூட வேண்டியதுதான். இன்னொண்ணும் சொல்றேன். அந்தத் தாள்ல இருக்கிறது என் கையெழுத்து இல்ல, உங்களோடது.”

அவர் போன பிறகு உடைமாற்றும் அறையில், ஆய்வுக்கு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் வெனெட்டா.

“எனக்குப் பென்ஷனுக்கு மூணே வருஷம்தான்” என்றார் ஸ்டோயன், அச்சு மணல் பிசைகிறவர். “இந்த வயசுல ஜெயிலுக்குப் போகச் சொல்றியாம்மா?”

“ஒருத்தரா சொன்னா ஜெயில்தான் அண்ணே. எல்லாருமா சொன்னா?”

“இந்த ஊர் ஜெயில்ல அவ்வளவு பேருக்கு எடமில்ல” என்றான் துர்ஹான். “அங்கயும் கூரை ஒழுகுதாம்.”

“கேட்டை மூடிட்டா?” என்றார் ஸ்டோயன்.

வெனெட்டா கொஞ்சம் யோசித்தாள். அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “மூடலாம். மூடமாட்டார்னு நான் சொல்லல. பணத்தைத் திருப்பிக் குடுன்னு நாம கேக்கப்போறதும் இல்ல. எதுக்கு வாங்கினாரோ அதைச் செய், உன் பங்கையும் போடு, அசென் அண்ணனைத் திருப்பிக் கூப்பிடு. அதான் கேக்கணும். எனக்குக் கோபம்கூட வரல ஸ்டோயன் அண்ணே. உள்ள எல்லாம் மரத்துக் கெடக்கு. ஆனா நாளைக்கு அந்தக் கரண்டியைத் தூக்கப்போறது நீங்களும் நானும்தான். அடுத்தது யார் பூட்சுன்னு மட்டும் யோசிங்க.”

ஸ்டோயன் தன் பூட்சைப் பார்த்தார். கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை நண்பகலில் சோஃபியாவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கையில் படிவம், சளியில் சிவந்த மூக்கு நுனி. தார்ப்பாயை விலக்கிப் பார்த்து, இயந்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டில் ஃபோர்மேன் ஒருவர்தான் நின்றார். மற்றவர்கள் எரிந்து கறுத்த தோல் ஏப்ரன்களோடு வரிசையாக நின்றார்கள்.

“இயந்திரம் இருக்கிறது” என்று படிவத்தில் குறியிட்டார் பெண்மணி.

“அம்மா, அது ஓடாது” என்றாள் வெனெட்டா.

பெண்மணி நிமிர்ந்தார். “என் படிவத்துல இருக்குதா இல்லையான்னுதான் கேள்வி. ஓடுதான்னு கேள்வி இல்லம்மா.”

“அப்போ நாங்க சொல்றோம். ஓடாது. நாங்க யாரும் ஆராய்ச்சி பண்ணல. இரும்பு ஊத்தினோம். அதுல ஒருத்தன் கால் போச்சு.”

“தம்பிக்கு அடிபட்டதுல அந்தப் பொண்ணு மனசு சரியில்ல” என்று ஸ்டமாட்டோவ் குறுக்கே வந்தார்.

“என் மனசு சரியாத்தான் இருக்கு முதலாளி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஸ்டோயன் இரண்டடி முன்னால் வந்தார். “இருபத்தெட்டு வருஷமா மணல் பிசையறேன். ஒரு மணி நேரம்கூட ஆராய்ச்சி பண்ணினதில்ல. எழுதிக்குங்க.”

பெண்மணி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “வாயால சொன்னா நான் எழுத முடியாது. அவங்கவங்க கைப்பட எழுதிக் குடுத்தா எடுத்துட்டுப் போறேன். மேல என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மணிக்குக் கிளம்பணும்.”

அவர் காருக்குப் போனதும் ஸ்டமாட்டோவ் உலையை அணைக்கச் சொன்னார். “எல்லாரும் வெளிய!” என்றார். முதல் ஷிஃப்ட் முழுக்க வெளியே வந்தது. பின்னால் கேட்டில் பூட்டு விழுந்தது.

பனியில் நின்றபோதுதான் தாளும் இல்லை, பேனாவும் இல்லை என்பது உறைத்தது. அப்போது ஆபீசின் பக்கவாட்டுக் கதவு வழியே, கோட்டுகூடப் போடாமல் கெர்கானா ஓடி வந்தாள். கையில் ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒரே ஒரு பேனா. “மின்ச்சோ பேர்ல கையெழுத்துப் போட்டது நான்தான்” என்றாள் மூச்சிரைக்க. “அவர் போடச் சொன்னார். அதையும் எழுதறேன். முதல்ல நான்.”

சுவரில் தாளை வைத்து எழுதினாள். நாலு வரி போவதற்குள் குளிரில் மை உறைந்து பேனா நின்றது. துர்ஹான் அதை வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, வாயால் ஊதினான். மை வந்தது. எழுதி முடித்தவர் பேனாவைக் கக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து அடுத்தவரிடம் கொடுக்க, அவர் முழங்கால்மேல் தாளை வைத்து எழுத, இப்படியே அது கைமாறிப் போயிற்று. எழுதத் தடுமாறியவர்களுக்கு வெனெட்டா எழுத்துக்கூட்டிச் சொன்னாள். ஸ்டோயன் நீளமாக எழுதினார். மூன்று பேர் எழுதவில்லை. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு விலகி நின்றார்கள், ஆனால் வீட்டுக்கும் போகவில்லை.

ஒன்றே முக்காலுக்கு இரண்டாவது ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் பூட்டிய கேட்டையும் பனியில் நிற்கும் கூட்டத்தையும் பார்த்தார்கள். ஸ்டோயன் போய் விஷயத்தைச் சொன்னார். மாடி ஜன்னலில் ஸ்டமாட்டோவின் நிழல் தெரிந்தது. சோஃபியாப் பெண்மணியின் காரில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பேனா கடைசியாக வெனெட்டாவிடம் வந்தபோது அது சூடாக இருந்தது. இருபத்தாறு கைகளின் சூடு. ஆறு வாரத்தில் முதல்முறையாக அவள் விரல்களுக்குச் சூடு உறைத்தது. அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. தன் பங்கை எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை நோக்கி நடந்தாள்.

முன்னால் நின்றவன் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினான். “என்னன்னு எழுதணும் அக்கா?”

“நீ என்ன வேலை செஞ்சியோ, அதை எழுது” என்றாள்.