லித்தியம் என்றால் இடது முன்னங்கால்

பேசத் தேவையில்லாத வேலை என்று நினைத்துத்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். குதிரைப் பராமரிப்பு, ஒரு வருடம். முடித்தால் பண்ணைகளிலும் பந்தய லாயங்களிலும் வேலை கிடைக்கும் என்று கல்லூரியின் விளம்பரத்தில் இருந்தது. அதற்கு முன் மூன்று ஆய்வுக்கூடங்களுக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். மூன்றிலும் கேட்டதற்கெல்லாம் பதில் தெரியும். வாய்தான் வரவில்லை.

வீட்டில் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு லத்தி அள்ளப் போகிறாள், அதுவும் ஒரு ஆராய்ச்சிதான் என்றான். அம்மா சிரிக்கவில்லை. யாராவது கேட்டால் மேல்படிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

லாயம் ஒரு நீளமான கட்டடம். நடுவில் சிமெண்ட் நடை, இருபுறமும் பதினொன்று பதினொன்றாகக் கொட்டில்கள். ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை தொங்கும். தீனி, தண்ணீர், உடல் சூடு எல்லாம் அதில் இருக்கும். அட்டையின் அடியில் ஒரு சிவப்புக் கட்டம். குதிரை யாரையாவது உதைத்தாலோ, கடித்தாலோ, வேலை செய்ய விடாமல் அடம் பிடித்தாலோ அதில் எழுதுவார்கள். இரண்டு குறிப்பு விழுந்தால் மாணவர்களுக்கு ஆகாது என்று குதிரையை அனுப்பிவிடுவார்கள். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் சேர்ந்தபோது ஒன்பதாம் கொட்டில் சுண்ணாம்பு அடித்துக் காலியாகக் கிடந்தது.

எனக்குப் பதினான்காம் கொட்டில். பதினாறு வயதுப் பெண்குதிரை. சாம்பல் நிறம், பெயரும் சாம்பல்தான்.

குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். குதிரைக்குத் தன் வாலுக்கு நேர் பின்னால் நிற்பவர் தெரியாது. எனக்கு அந்தக் கோணம் எத்தனை டிகிரி என்பதுகூட மனப்பாடம். ஆனாலும் முதல் வாரம், எல்லா அறைக்குள்ளும் நான் எப்படி நுழைவேனோ அப்படியே, தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு நுழைந்தேன். சாம்பல் முதுகைக் காட்டித் தின்றுகொண்டிருந்தாள். அவள் பின்புறத்தில் கை வைத்தேன். வாளி இரண்டாகப் பிளந்தது. என் தொடை பதினைந்து நாள் நீலமாக இருந்தது.

மேடம் வந்து சிவப்புக் கட்டத்தில் "உதைத்தது" என்று எழுதினார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு குனிந்து வாளித் துண்டுகளைப் பொறுக்கினேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதல் குரல் கொடுத்தேன். என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். மற்றவர்கள் ராஜா என்பார்கள், செல்லம் என்பார்கள். எனக்கு அதெல்லாம் வாயில் நுழையாது. யோசிக்காமல் வரக்கூடியது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. கதவருகே நின்று "ஹைட்ரஜன்" என்றேன். சாம்பல் காதைத் திருப்பினாள். கழுத்தில் கை வைத்து "ஹீலியம்". குனிந்து, குளம்பைச் சுத்தம் செய்ய இடது முன்னங்காலைத் தூக்கும்போது "லித்தியம்". இடது பின்னங்கால் பெரிலியம். வலப்பக்கம் போரான், கார்பன். நைட்ரஜனில் பிரஷ் எடுப்பேன்.

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரல். ஒரு மாதத்தில் நான் தொடும் முன்பே லித்தியத்துக்கு அவள் காலைத் தூக்கிக் கொடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

விடுதியில் என் அறைத்தோழியை எல்லோரும் ரேடியோ என்பார்கள். தூக்கத்திலும் பேசுவாள். என்னைப் பற்றி அவள் சொன்னது லாயம் முழுக்கப் பரவியிருந்தது. இங்கே குதிரை இருபத்தொன்று, வாயில்லா ஜீவன் இருபத்திரண்டு என்று. நல்ல ஜோக்தான். நானும் சிரித்தேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஊர் சுற்றப் போவார்கள். நான் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து பதினான்காம் கொட்டிலிலேயே சாப்பிடுவேன். தனிமங்கள் முடிந்த பிறகு மற்றதையும் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அம்மா போனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை என்பதை. நேர்காணலில் ஒருவர், உங்களுக்குப் பேச்சு வருமா இல்லையா என்று எழுதிக் காட்டச் சொன்னதை. சாம்பல் தின்றுகொண்டே இருப்பாள். அவளுடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தாறு. என்ன சொன்னாலும் முப்பத்தாறுதான்.

படிப்பு முடிய ஆறு வாரம் இருக்கும்போது செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். சீட்டு எடுத்து, தனக்குப் பழக்கமில்லாத குதிரையைக் கையாள வேண்டும். எனக்குப் பதினேழாம் கொட்டில் பழுப்புக் குதிரை வந்தது. முணுமுணுத்தபடியே ஒப்பேற்றினேன்.

ரேடியோவுக்குப் பதினான்கு.

சாம்பலை நடையின் நடுவில் கட்டியிருந்தார்கள். ரேடியோ கலகலவென்று பேசிக்கொண்டே போய்க் குனிந்து இடது முன்னங்காலைப் பிடித்தாள். சாம்பல் அசையவில்லை. ரேடியோ தோளால் சாய்ந்தாள், இழுத்தாள், கெஞ்சினாள். நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றாள் சாம்பல். மூன்றாவது முறை காதைப் பின்னுக்கு மடித்து இடுப்பைத் திருப்பினாள். ரேடியோ சுவரில் மோதிக்கொண்டாள்.

"தள்ளினதோட குழியும் பறிக்குது மேடம்" என்று சிரிக்கப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

சாம்பல் என் பக்கம் பார்த்தாள். அடம் இல்லை அது. அவள் காத்திருந்தாள். சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவில்லை.

தேர்வாளர் அட்டையைக் கையில் எடுத்தார். ஏற்கெனவே ஒரு குறிப்பு இருக்கிறதே என்றார். மேடம் பேனாவைத் திறந்தார்.

"என் தப்பு" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"மேடம், அது என் தப்பு. அந்த உதையும் என் தப்புதான். நான் குரல் கொடுக்காம போனேன்."

அங்கிருந்த பதின்மூன்று பேரும் திரும்பினார்கள். தேர்வாளர் என்ன விஷயம் என்று கேட்டார். சொல்லிப் புரியவைக்க எனக்கு வரவில்லை. செய்து காட்டினேன். சாம்பலிடமிருந்து ஐந்தடி தள்ளி நின்று, எல்லோருக்கும் கேட்க, ஹைட்ரஜன் என்றேன். ஹீலியம் என்றேன். லித்தியம் என்றதும் இடது முன்னங்கால் மேலே வந்தது. பெரிலியம். போரான். கார்பன். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். என் காது எரிந்தது.

ரேடியோவையும் சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்னபோது சாம்பல் சற்று யோசித்தாள். இரண்டாவது லித்தியத்துக்குக் காலைக் கொடுத்தாள். தேர்வாளர் அட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். பழக்கியவரின் குறை, குதிரையின் குறை இல்லை என்றார். ரேடியோவுக்கு வேறு குதிரை கொடுத்தார்கள். என் மதிப்பெண்ணில் கை வைத்தார்கள். தேறும் அளவுக்கு மீதி இருந்தது.

மேடம் பிறகு தனியாகக் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை.

"ஒருத்தர் குரலுக்கு மட்டும் பழக்கி விட்டுட்ட. நீ ஆறு வாரத்துல போயிடுவ. அப்புறம் அது என்னம்மா செய்யும்?"

நான் போவேன் என்பது எனக்குத் தெரியும். சாம்பலை வைத்து அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து பதினான்கு ரேடியோவின் பொறுப்பு. எனக்குப் பதினேழு. நான் சாம்பலின் கொட்டிலுக்குள் போகக் கூடாது, குரலும் கொடுக்கக் கூடாது.

முதலில் ரேடியோ தனிமங்களைச் சொன்னாள். அடுத்த வாரம் கார்பனை விட்டாள், பிறகு போரானை. இப்போது "வந்துட்டேன்டி சாம்பல்" என்பதோடு சரி. காலும் வருகிறதாம். இதை அவள் என்னிடம் சற்றுத் தயங்கித்தான் சொன்னாள். நல்லது என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

பதினேழுக்குப் பதினான்கைத் தாண்டித்தான் போக வேண்டும். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். காலையில் சிமெண்ட் குளிர்ந்திருக்கும். அரைக்கதவுக்கு மேலே இரண்டு சாம்பல் நிறக் காதுகள் தெரியும். அவை திரும்பாமல் இருந்தால் நான் சரியாக நடந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

தாண்டிய பிறகு பூட்ஸைப் போட்டுக்கொண்டு பழுப்புக் குதிரையின் கதவருகே நிற்கிறேன். "நான்தான்" என்கிறேன், பதினான்குக்குக் கேட்காத அளவுக்கு.