முயல் வச்சிட்டா

சவப்பெட்டியின் மேல் வைக்கவேண்டிய சிவப்பு வெல்வெட் திண்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டிருந்தாள் ஜெனவியேவ். இரண்டாவது பதக்கத்துக்கு வந்தபோது அங்கம்மாள் பின்கட்டிலிருந்து வந்து அவள் காதருகே குனிந்தாள்.

"மதாம், முயலு நேத்துலேர்ந்து ஒரு புழுக்க கூடப் போடல."

ஊசி விரலில் ஏறியது. ஜெனவியேவ் விரலை வாயில் வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தாள். குளிர்பெட்டிக்குள் பப்பா கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். எண்பத்தாறு வயது. அதில் இருபத்தைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளம், அப்புறம் பென்ஷன், கடைசிப் பத்து வருஷம் ஜெனவியேவ். பெட்டியைச் சுற்றி நாற்காலிகளில் இருந்த உறவுக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏமா எப்போது வருகிறாள்?

"மனுஷனே போயிட்டாரு. முயலுக்கு இப்ப என்னா?"

அங்கம்மாள் கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எட்டு வருஷமாக இந்தக் கருவடிக்குப்பத்து வீட்டில் வேலை பார்ப்பவள். பப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளும் ஜெனவியேவுக்கு மாற்றாகக் கட்டிலருகே உட்கார்ந்தவளும் அவள்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், யாரோ காப்பி கேட்கவும் உள்ளே போய்விட்டாள்.

முயலுக்கு லூலூ என்று பெயர். அதைக் கொண்டுவந்தவள் ஏமா. பாரீசிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்பு லீவில் வந்த தங்கச்சி, பதினைந்து நாள் பப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தாள். கிளம்பும் நாளன்று ஒரு கூடையை அவர் மடியில் வைத்து, "நான் நோயேலுக்கு வர்ற வரைக்கும் இது உங்களப் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். பக்கத்தில் அக்காக்காரி ஒருத்தி நின்றிருந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கிறிஸ்துமசுக்கு ஏமா வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. பப்பா அதற்காக முகம் சுளிக்கவுமில்லை. "முயல் வச்சிட்டா" என்று சொல்லிச் சிரித்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்களைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம், முயல் வைத்துவிட்டார்கள் என்று. பப்பா அதை அப்படியே தமிழாக்கி வீட்டுக்குள் புழங்கவிட்டிருந்தார். குழாய் ரிப்பேர்க்காரன் வராவிட்டால் முயல் வைத்துவிட்டான். கேஸ் சிலிண்டர் வராவிட்டால் முயல் வைத்துவிட்டார்கள். ஏமாதான் சொன்னபடி வராமலும் போய், நிஜ முயலையும் வைத்தவள். ஏமா என்று பேர் வைத்தால் ஏமாற்றாமல் என்ன செய்வாள் என்று ஜெனவியேவ் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பப்பாவுக்கு அது சிரிப்பாக இல்லை.

சட்டைப் பொத்தானைப் போட ஜெனவியேவ் வேண்டும். குளிப்பாட்ட அவள் வேண்டும். ஆனால் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தண்டாக அந்த முயலுக்கு நீட்டுவதற்கு மட்டும் அவருடைய நடுங்கும் விரல்கள் போதும். பட்டாளத்தில் ஞாயிறு தவறாமல் முயல்கறி தின்ற மனிதர், அது வந்தபிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு காதைத் தடவித் தடவிப் பேசுவார். ஜெனவியேவ் சூப் கொண்டுவந்தால் நிமிர்ந்து, "உப்பு கம்மி" என்பார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு முயலைப் பார்த்து வயிறெரிகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் எரிச்சல் அடங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து முயல் சரியாகத் தின்னவில்லை. செவ்வாய்க்கிழமை அங்கம்மாள் அதை அவரிடம் உளறிவைத்தாள். அவர் ஜெனவியேவின் கையைப் பிடித்துக்கொண்டு, அதை டாக்டரிடம் காட்டு என்றார். பத்து வருஷத்தில் அவராக அவள் கையைப் பிடித்தது அன்றுதான், அதுவும் முயலுக்காக. அன்று சாயங்காலம், காட்டிவிட்டேன், மருந்து கொடுத்திருக்கிறார்கள், சரியாகிவிடும் என்று ஜெனவியேவ் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாள். அவர் நம்பினார்.

பத்து மணிக்கு ஒலிவியேவிடமிருந்து போன் வந்தது. ஏமாவை அழைத்துவர விடியற்காலையிலேயே மீனம்பாக்கம் போன ஜெனவியேவின் கணவன். விமானம் வந்துவிட்டது, கடைசி ஆள்வரை வெளியே வந்தாகிவிட்டது, ஏமாவைக் காணோம் என்றான். கொஞ்ச நேரத்தில் ஏமாவிடமிருந்தே செய்தி வந்தது. கிளம்ப முடியவில்லையாம், மனசு உடைந்துவிட்டதாம், முப்பதாம் நாள் பூசைக்குக் கட்டாயம் வருகிறாளாம்.

ஜெனவியேவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்பன் செத்துக்கிடக்கும் வீட்டில் சந்தோஷப்படலாமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதாவது நாலு பேர் ஏமாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்துச் செய்தியைச் சத்தமாகப் படித்தாள். பெரியத்தை மூக்கைச் சிந்தினாள்.

"பாவம், அந்தப் பொண்ணு அங்க தனியா கெடந்து என்னா துடிதுடிக்குதோ."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி போனை எடுத்து வீடியோவில் ஏமாவைக் கூப்பிட்டாள். அவள் அழும் முகத்தைக் குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் சாய்த்து வைத்தார்கள். ஜெனவியேவ் திண்டைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

அங்கே அங்கம்மாள் முயலை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயோரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் தாடையில் வழிந்தது. முயல் உருண்டையாகக் குறுகி, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் எல்லோருக்கும் இந்த முயல்தான் கிடைத்ததா என்று ஜெனவியேவுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒனக்கு வேற வேல இல்லியா? அத்தன பேரு வந்து கெடக்கறாங்க, இதப் போயி மடியில வச்சிக்கினு."

"முசியே சொல்லிட்டுப் போயிருக்காரு மதாம். நான் எப்பிடி வுடறது?"

"என்னா சொன்னாரு?"

அங்கம்மாள் சிரிஞ்சைக் கீழே வைத்தாள். நேற்று மத்தியானம் நடந்ததை இப்போதுதான் சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜெனவியேவ் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். பப்பா கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இரண்டு முறை மணி கேட்டார். அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"கடசியா முயலத்தான் மதாம் கேட்டாரு. 'முயல் வச்சிட்டா, முயல் வச்சிட்டா'ன்னு ரெண்டு தபா. தீனி வச்சிட்டாளான்னு கேக்கறாரு போலன்னு, வச்சிட்டோம் முசியே, நீங்க கவலப்படாதீங்கன்னேன். அவ்ளோதான். கண்ண மூடிட்டாரு."

ஜெனவியேவ் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

அங்கம்மாளுக்கு அந்தப் பேச்சு தெரியாது. வீட்டு மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு அது; அர்த்தத்தை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பப்பா முயலைக் கேட்கவில்லை. யாரோ வருகிறேன் என்று சொல்லி வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த யாரோ யார்?

ஏமா நேற்று, வியாழக்கிழமை காலையே வந்துவிடுவதாகத்தான் முதலில் சொல்லியிருந்தாள். ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தாள். ஆக, ஏமா வரவில்லை. பன்னிரண்டுக்கு வருவதாகச் சொன்ன ஜெனவியேவும் வரவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு உயிர் போயிற்று. அவள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. ஏமா வருவாள், மாடியறையில் வெள்ளை விரிப்பு போட்டு வை என்று பப்பா சொல்லியிருந்தார். அதைச் சுருக்கமில்லாமல் போட்டுவிட்டு வருவதற்குள்தான் நேரமாகிவிட்டது.

ஏமாவைச் சொல்லியிருந்தால், சாகும்போதும் அவருக்கு ஏமா நினைப்புதான். ஜெனவியேவைச் சொல்லியிருந்தால், பத்து வருஷம் பார்த்துக்கொண்டவள் கடைசி இருபது நிமிஷத்தில் ஏமாற்றிவிட்டாள் என்ற மனக்குறையோடு போயிருக்கிறார். இரண்டில் எது வேண்டும் என்று யாராவது கேட்டால் எந்த மகளும் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வாள். ஜெனவியேவோ தன்னையே சொல்லியிருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்தத் திட்டு தனக்கு வந்ததாக இருக்கவேண்டும், கதவைப் பார்த்தது தனக்காக இருக்கவேண்டும், அதையாவது ஏமாவுக்கு விட்டுக்கொடுக்கக்கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆளில்லை.

முயல் மறுபடியும் பல்லைக் கடித்தது. ஜெனவியேவ் எழுந்து, அதை அங்கம்மாள் மடியிலிருந்து வாங்கினாள். இரண்டு வருஷத்தில் அவள் அதைத் தூக்குவது இதுதான் முதல் தடவை. எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக இருந்தது. காது ஐஸ்போல் சில்லிட்டிருந்தது.

ஒலிவியே வந்து காரை நிறுத்தும்போது அவள் கூடையோடு வாசலில் நின்றாள். விஷயம் கேட்டதும் அவன் உறவுக்காரர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பொணத்த வீட்ல வச்சிக்கினு முயல டாக்டர்கிட்டத் தூக்கிக்கினு போறியா? ஊரு சிரிக்கும். அது சாகறதுன்னா சாகட்டும்."

"காட்டிட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். காட்டிட்டுத்தான் பொதைக்கணும்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் தெருமுனையில் ஆட்டோ பிடித்தாள். பெரியத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பிராணிகள் ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருந்த பெண் நோட்டைத் திறந்து முயலின் பெயரைக் கேட்டாள். லூலூ என்றாள் ஜெனவியேவ். தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வளர்ப்பவர் பெயர் கேட்டபோது ஜான்-பத்திஸ்த் என்று பப்பாவின் பெயரை ஆரம்பித்தாள். அந்தப் பெண் எழுதத் தொடங்கவும், இல்லை, ஜெனவியேவ் என்று எழுதுங்கள் என்றாள்.

டாக்டரம்மா முயலின் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். குடல் அசையாமல் நின்றுபோயிருக்கிறது, தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றவேண்டும், வலிக்கு ஊசி போடவேண்டும், அப்புறமும் உறுதி சொல்ல முடியாது என்றார். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு இல்லை என்றார். ஜெனவியேவின் வெள்ளைப் புடவையைப் பார்த்துவிட்டு வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்கவும் செய்தார். அவள் சொன்னாள். டாக்டரம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இங்கயே இருக்கட்டும். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மூடிடுவோம், அதுக்குள்ள யாராச்சும் வந்து எடுத்துக்குங்க."

"நான் வந்துடறேன்" என்றாள் ஜெனவியேவ்.

மூன்று மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. சாமியார் பிரசங்கத்தில், தந்தைமேல் உயிரையே வைத்திருந்த மகள் கடல்கடந்து கண்ணீர் வடிக்கிறாள் என்று ஒருமுறை சொன்னார். அந்த மகள் ஏமா. ஜெனவியேவ் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். போனைக் குழிக்கு மேல் நீட்டி ஏமாவுக்குக் காட்டினார்கள். போன் பிடித்தவருக்கு வழிவிட ஜெனவியேவ் ஒரு அடி பின்னால் நகரவேண்டியிருந்தது. முறை வந்ததும் ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். மண் பலகையில் விழும் சத்தம் கேட்டது. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை.

எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று துக்கம் விசாரிப்பார்கள், மூத்த மகள் அங்கே நிற்கவேண்டும். ஜெனவியேவ் நிற்கவில்லை. பக்கத்து வாசல் வழியாக வெளியேறி ஆட்டோவில் ஏறினாள். ஒலிவியே பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது.

உதவிப் பெண் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். ஜெனவியேவைப் பார்த்ததும் மறுபடி தூக்கினாள்.

"நீங்க இன்னிக்கு எங்க வரப்போறீங்கன்னு நெனச்சோம் மேடம்."

முயல் கூடையில் பழைய செய்தித்தாளின்மேல் உட்கார்ந்திருந்தது. முன்னங்கால் ஒன்றில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண் முழுசாகத் திறந்திருந்தது. தாளின் ஓரத்தில் மிளகைவிடச் சின்னதாக ஒரே ஒரு புழுக்கை கிடந்தது. அரைமணி முன்னால்தான் போட்டது, ராத்திரி தாண்டினால் பிழைத்துக்கொள்ளும் என்றாள் அந்தப் பெண்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. திரையில் ஏமாவின் முகம். ஜெனவியேவ் அதைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, கூடையின் முன் தரையில் உட்கார்ந்தாள். நகக்கண்ணில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதன் காதைத் தொட்டாள். லேசாகச் சூடு வந்திருந்தது.

"வந்துட்டேன்" என்றாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மணி பாருங்க. அஞ்சுக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்கு."

முயலிடம் போய் எதற்கு மரியாதையாகப் பேசுகிறாள் என்று உதவிப் பெண் ஒரு நொடி பார்த்தாள். பிறகு ஷட்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள்.