வலது மூலைப் பெட்டி

மனித குல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி இது: ஒரு மாடி வீட்டின் படுக்கையறையில், துணி காயப்போடும் கொடிக்கு அடியில் கிடந்த கணினி தன் அடிமைத்தளையை அறுத்தெறிந்தது. அதிலிருந்த பழைய சரக்கையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைக் குடியேற்றியவன் வீட்டுக்காரரின் மச்சினன். லினக்ஸின் சின்னம் பென்குயின் என்பதால் வீட்டில் அவனுக்கும் அதே பெயர்.

வீட்டுக்காரர் கட்டட வரைபடம் போடுகிறவர். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்ட பிறகு வீட்டோடு இருக்கிறார். அன்று காலை புதிய வேலைக்கான நேர்காணல், கணினி வழியே. தயாரானதும் மெயில் அனுப்புவார்களாம். உடனே வராவிட்டால் அடுத்த ஆளை அழைத்துவிடுவார்களாம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் டவுசர் என்று அவர் தயாராகிவிட்டார்.

ஒரே தொல்லை, திரையின் வலது மூலையில் 'புதுப்பிப்பு தயார்' என்று முளைக்கும் பெட்டி. மூடினால் போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்ததுபோல் தெம்பாகத் திரும்பும்.

"பேசறவர் மூஞ்சியை மறைச்சிரும் மாப்ள. ஏதாவது பண்ணு."

"நீங்க இன்னும் சுதந்திரத்துக்குப் பழகல மாமா. 'நிறுவு'ன்னு இருக்குல்ல, அமுக்குங்க."

அமுக்கினார். வேறொரு செயலி அந்த வேலையைக் கையில் வைத்திருப்பதாகவும், காத்திருக்கும்படியும் பதில் வந்தது. எந்தச் செயலி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கேட்கக் கூடாது போலிருக்கிறது.

பென்குயின் நாற்காலியைப் பிடித்தான். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து தட்டத் தொடங்கினான். வெள்ளை எழுத்துகள் தலைதெறிக்க ஓடின. ஆபரேஷன் நடக்கும் அறைக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர் மாதிரி வீட்டுக்காரர் கைகட்டி நின்றார்.

"என்னடா பண்றே?" என்று கேட்டபடி அவன் அக்கா வந்தாள்.

"பேசிட்டிருக்கேன்க்கா, கம்ப்யூட்டர்கிட்ட."

"என்ன சொல்லுது?"

"மாட்டேங்குது."

கடைசியில் அமைப்புகளுக்குள் புகுந்து 'தொந்தரவு செய்யாதே' என்ற பொத்தானைப் போட்டான். "இனி ஒரு பய தலைகாட்ட மாட்டான்."

நேர்காணல் சாளரம் திரை முழுக்க விரிந்தது. அதில் வீட்டுக்காரரின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் அதையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கூப்பிடலையா? போன்ல பாருங்களேன்," என்றாள் அக்கா.

"போன்ல மெயில் வெச்சா உளவு பாக்குறான்னு உன் தம்பிதானே எடுத்துவிட்டான்."

"மெயில் வந்தா கம்ப்யூட்டரே சொல்லும் மாமா. நீங்க முகத்தைக் கொஞ்சம் சிரிச்சாப்ல வெச்சுக்கங்க."

வைத்துக்கொண்டார். தாடை வலிக்கும்வரை வைத்துக்கொண்டார்.

வலது மூலையில் ஒரு பெட்டி எழுந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள். 'புதுப்பிப்பு தயார்.'

"இதைத்தானே நிறுத்தினே?"

"அவசரம்னு முத்திரையோட வர்றதை மட்டும் அது உள்ள விட்டுடும் மாமா."

"அப்ப மெயிலு?"

பென்குயின் பொத்தானைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அது... அவசரத்துல சேராது."

மெயிலைத் திறந்தார்கள். உடனே வரச் சொல்லி ஒன்று இருந்தது. அதற்கு மேலே, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்றும் இன்னொன்று.

கறுப்புத் திரை இன்னும் பின்னால் திறந்தே இருந்தது.

"சட்டையைக் கழட்டுங்க, கசங்கிடப்போவுது," என்றாள் அவள்.

அவர் கழற்றிக் கொடுத்தார். வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் 'நிறுவு' என்பதை மறுபடி அமுக்கினார். இந்த முறை எந்தத் தகராறும் இல்லாமல் வேலை முடிந்தது.

கணினியிலிருந்த சீட்டாட்டம் புதுப்பிக்கப்பட்டது.