பாதி மூலை

எங்கள் அப்பாவுக்குக் கடைவீதியில் பாதிவிலைக்காரர் என்று பெயர். யார் என்ன விலை சொன்னாலும் முதலில் அதில் பாதியைக் கேட்பார். அப்புறம்தான் பொருளையே திரும்பிப் பார்ப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடமே பேரம் பேசி, பக்கத்துப் பல்லையும் அதே கட்டணத்தில் சுத்தம் செய்துகொண்டு வந்த மனிதர். அவரிடம் போய் என் மனைவி கடையின் முன்மூலையைக் கேட்டாள்.

எங்களுடையது பாத்திரக்கடை. வாசலை ஒட்டிய மூலையில் துடைப்பங்களும் மாப்புக் குச்சிகளும் யாரும் சீந்தாத பிளாஸ்டிக் வாளிகளும் சாய்ந்து கிடக்கும். அந்த இடத்தில் ஒரு கண்ணாடி ஃப்ரிட்ஜ் வைத்து கேக் விற்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கல்யாணமாகி வந்ததிலிருந்து குக்கருக்கு வாஷர் எடுத்துக் கொடுத்தே சலித்துப்போனவள். இதுவும் இல்லையென்றால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பேக்கரிக்கு வேலைக்குப் போய்விடுவேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அந்த ‘மட்டும்’ காரணமாக நானும் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

“மூலைதானே? தர்றேன்” என்றார் அப்பா. “ஞாயித்துக்கிழமை நம்ம ஆளுங்க எல்லாரும் சாப்பிட வர்றாங்கல்ல? அன்னைக்கு உன் கேக்க வை. வெட்டினா துண்டு தட்டுல நிமிந்து நிக்கணும். எங்க அக்கா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கணும். ரெண்டும் நடந்தா மூலை உனக்கு.”

“நடக்கலன்னா, மாமா?”

“மாப்புக் குச்சிக்கு.”

முதல் நிபந்தனை எளிது. இரண்டாவதுதான் கஷ்டம். அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் பெரிய அத்தை, எந்த வீட்டுப் பலகாரத்தையும் ஒரு வாய் எடுத்துவிட்டு “பரவாயில்ல” என்று தட்டை நகர்த்திவிடுவார். அந்தப் ‘பரவாயில்ல’யைக் கேட்டு அழுத மருமகள்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு.

என் மனைவி கைவந்த கேக்கையே தேர்ந்தெடுத்தாள். அடுப்பில் வேக வைக்கும் வேலை கிடையாது. பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசைந்து, சுற்றிலும் கழற்றக்கூடிய வளையம் உள்ள கேக் தட்டின் அடியில் அழுத்த வேண்டும். அதன்மேல் டப்பாவில் வரும் அன்னாசித் துண்டுகள். வெந்நீரில் கரைத்து ஆறவைத்த ஜெலட்டினும் சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் அதன்மேல். ஃப்ரிட்ஜில் வைத்தால் தானாக உறைந்துகொள்ளும். அவள் பிறந்த வீட்டில் கூட்டம் என்றாலே இதுதானாம். ஒருதரம்கூடத் தவறியதில்லையாம்.

ஞாயிறு காலை, பிஸ்கட்டை அழுத்தி முடித்துவிட்டு அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“மாமா, இங்க வச்சிருந்த அன்னாசி டப்பாவெல்லாம் எங்க?”

“திருப்பிக் குடுத்துட்டேன்.”

“என்னது?”

“உள்ள என்ன இருக்கு? பாதி சக்கரைத் தண்ணி. அதுக்குக் காசு குடுக்க நாம என்ன இளிச்சவாயங்களா? கடைக்காரன் எடுத்துக்க மாட்டேன்னான். டப்பா நசுங்கியிருக்கு பாருன்னேன். வாயை மூடிக்கிட்டு எடுத்துக்கிட்டான்.”

“நான் வாங்கறப்ப நசுங்கல் இல்லையே?”

“போற வழியில எங்கயோ இடிச்சிருக்கும்.”

மேசைமேல் ஒரு சாக்கு. அதற்குள் புத்தம்புது அன்னாசிப் பழங்கள், கூடவே இலவசமாகப் பிடுங்கி வந்த ஒரு கத்தி. வீடு முழுக்க மணந்தது. அவள் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

“எங்க வீட்ல எப்பவும் டப்பாப் பழம்தான் போடுவோம்...”

“பழம்னா பழம்தானேம்மா? டப்பாவுக்குள்ள போனது மட்டும் தங்கமாயிடுமா?”

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நறுக்கினாள், அடுக்கினாள், ஜெலட்டினை ஊற்றினாள். தட்டு விளிம்புவரை நிறைந்துவிட்டது. மிஞ்சிய கரைசலை வீணாக்க மனமில்லாமல் ஒரு டம்ளரில் ஊற்றி, நறுக்கிய அன்னாசி தீர்ந்துவிட்டதால் நாலு திராட்சையைப் போட்டு, ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் தள்ளினாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தட்டை லேசாக அசைத்தேன். குளம் மாதிரி அலையடித்தது. மூடினேன். நாற்காலிகளைத் துடைக்கப் போனேன். துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்துவிட்டுத் திரும்பவும் தாகம் எடுத்து வந்தேன்.

“இப்படித் தொறந்து தொறந்து பாத்தா எப்படிங்க உறையும்? போங்க அந்தப் பக்கம்!” என்று விரட்டியவள், நான் கூடத்துக்குப் போனதும் தானே திறந்தாள்; சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அப்பாவும் வந்தார். ஐஸ் வேண்டுமாம். வாழ்க்கையில் ஐஸ் போட்டு எதையும் குடிக்காதவர்.

“என்னம்மா, சரக்கு இன்னும் ஆடுது?”

“உறைஞ்சிடும், மாமா.”

சொன்னாளே தவிர, நகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். மதியம் போயிற்று. வாசலில் செருப்புகள் குவிந்தன. கூடத்தில் சிரிப்பும் பிள்ளைகளின் ஓட்டமும். சாப்பாடு முடிந்தது. பெரிய அத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “எங்கடா, என்னமோ கேக்குன்னீங்க?” என்றார்.

வேறு வழியில்லை. தட்டைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். தட்டைச் சுற்றியிருந்த வளையத்தின் கொக்கியை அவள் விடுவித்த நொடியில் மஞ்சள் வெள்ளம் மேசையில் பாய்ந்தது. துண்டுகள் அதில் படகு மாதிரி மிதந்து வந்தன. அவள் பதறி வளையத்தைத் திரும்ப இறுக்கியதால் பாதிக்குமேல் தப்பியது.

“இது கேக்கா, கேணியா?” என்றார் சித்தப்பா.

“வாளி எடுத்துட்டு வாங்கப்பா, கடையில விக்காம கெடக்குதில்ல!” என்றார் இன்னொருவர்.

கூடமே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து கண்ணாடிக் கிளாஸ்களை எடுத்தாள். தட்டில் மிச்சமிருந்ததைக் கரண்டியால் அள்ளினாள். அடியில் ஊறிய பிஸ்கட், மேலே பழம், அதற்கும் மேலே அந்த உறையாத சாறு. ஒவ்வொன்றிலும் ஸ்பூனைப் போட்டு முதல் கிளாஸை அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை ஒரு வாய் எடுத்தார். நான் ‘பரவாயில்ல’வுக்காகக் காத்திருந்தேன். அவரோ கிளாஸின் அடிவரை ஸ்பூனால் சுரண்டினார்.

“இன்னொண்ணு குடு.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“அக்கா ரெண்டாவது தடவை கேட்டாச்சு. ஒத்துக்கறேன். ஆனா துண்டு நிக்கல. ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கு. அதனால பாதி மூலை.”

“பாதி மூலையில ஃப்ரிட்ஜ் எப்படி மாமா வைக்கறது? படுக்க வச்சா?”

“அது உன் சாமர்த்தியம்.”

அவள் முகம் தொங்கிப்போனது. அத்தைக்கு இன்னொரு கிளாஸ் தயார் செய்ய சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் திறந்த சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை. பேக்கரிக்கு எந்தப் பஸ் போகும் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

திரும்பி வந்தவள் கையில் அந்த டம்ளர் இருந்தது. நேராக அப்பா முன்னால் போய், ஒரு தட்டில் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். டம்ளர் வடிவத்திலேயே ஒரு ஜெல்லி, உள்ளே நாலு திராட்சையோடு, சிப்பாய் மாதிரி நின்றது. தட்டை ஆட்டிக் காட்டினாள். குலுங்கியது, சாயவில்லை.

“அதே ஜெலட்டின், அதே தண்ணி, அதே ஃப்ரிட்ஜ். இது நிக்குது, அது ஓடுது. பிஸ்கட் எங்க வீட்லயும் போடறதுதான். அத விட்டா, அதுல இருக்கறதுல இதுல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான் மாமா. உங்க அன்னாசி.”

“பழம் எப்படிம்மா ஜெல்லியக் கெடுக்கும்?”

“அது எனக்கும் இப்பத்தான் தெரியுது. பச்சைப் பழம் உறைய விடாது போல. டப்பாப் பழம் வெந்தது, அதனாலதான் எங்க வீட்ல எப்பவும் உறைஞ்சிருக்கு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “போன வருஷம் எவர்சில்வர் மூடி பேசிட்டு அலுமினிய மூடி அனுப்பினாரே ஒரு மொத்த வியாபாரி, அவர்கிட்ட ஃபோன்ல என்ன சொன்னீங்க? கல்லாவுல நான்தான் உக்காந்திருந்தேன்.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தைதான் ஸ்பூனை அவர் பக்கம் நீட்டிக் கேட்டார்.

“என்னடா தம்பி சொன்ன?”

“...பேசி முடிச்ச பிறகு சரக்க மாத்தினவன்தான் நஷ்டத்த ஏத்துக்கணும்னு.”

“அப்ப ஏத்துக்க. அதுக்குள்ள எனக்கு அந்த இன்னொண்ணு வரட்டும்.”

சித்தப்பா கைதட்டினார். அப்பா, தட்டில் சாயாமல் நின்ற அந்த ஜெல்லியையே வெகுநேரம் பார்த்தார். விரலால் ஒருமுறை தட்டினார். ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் கடைக்குப் போனபோது மூலை காலியாக இருந்தது. தரை கழுவப்பட்டிருந்தது. ஒரே ஒரு மாப்புக் குச்சி மட்டும் ஓரத்தில் நின்றது. “அது கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்” என்றார் அப்பா, கல்லாவிலிருந்து தலை நிமிராமல். என் மனைவி அதை எடுத்து, மரியாதையாக, அவர் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

கல்லாவின் மேல் ஒரு பை இருந்தது. உள்ளே அன்னாசி டப்பாக்கள். மேலே இருந்ததில் ஒரு நசுங்கல்.

“அதே கடையிலயா மாமா வாங்கினீங்க? என்ன விலைக்குக் குடுத்தான்?”

அப்பா எங்கோ வெளியே பார்த்தார்.

“அவன் சொன்ன விலைக்கு.”