திருத்தம் ஏதும் உண்டா

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத்தர் சரியாக இரண்டு பக்கம் எழுதினார். நகர்மன்றத்தில் முப்பத்தோரு வருஷம் கூட்டக் குறிப்பு எழுதிய கை, சொன்ன அளவைத் தாண்டாது. ஆனால் அது கட்சிச் செயலாளர் கைக்குப் போய் வந்தபோது ஒன்றரைப் பக்கமாகவும், போதகர் கைக்குப் போய் வந்தபோது முக்கால் பக்கமாகவும் இளைத்திருந்தது.

செத்துப்போனவனை எழுத்தருக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும். ஊரே அவனை ஸ்தோத்திரம் என்றுதான் சொல்லும். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் "ஸ்தோத்திரம்" என்பான். மன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர் அது. கடைசியில் அவனே போனை எடுத்து "ஸ்தோத்திரம் பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தான். போன மாதம் பல் டாக்டரின் முன்னறையில், தன் முறை வருவதற்கு இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நகர்மன்றக் கூடத்தில் இரங்கல் கூட்டம். கட்சியும் சபையும் சேர்ந்து நினைவு மலர் போடுகின்றன. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, ஆலயத்தை ஒட்டிய அலுவலக அறையில், பச்சை மையில் அடித்த செயலாளரும் சிவப்பு மையில் அடித்த போதகரும் எழுத்தருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. படிச்சிட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றார் செயலாளர். "ஆனா இந்தத் திருவிருந்து, ஜெபம் எல்லாம் எதுக்கு? அவர் எல்லா ஜனத்துக்கும் பொதுவான ஆளு. அதான் எடுத்தேன்."

"நான் அதைத் தொடவே இல்லை" என்றார் போதகர். "நான் எடுத்தது 'பொய்'ங்கிற வார்த்தையும் அது வர்ற இடமும்தான். நினைவு மலர்ல, இறந்தவர் பொய் சொன்னார்னு போட முடியுங்களாய்யா?"

"சொன்னானே."

"திரும்ப வாங்கிட்டார்ல."

"சொன்னாத்தானேய்யா திரும்ப வாங்க முடியும்?"

செயலாளர் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக்கினார்.

இரண்டு மையும் தப்பவிட்டதை எழுத்தர் படித்துப் பார்த்தார். ஸ்தோத்திரத்தின் குடை இருந்தது. டீக்கடை இருந்தது. நடுவே, 'எல்லோரிடமும் அன்பாகப் பழகினார்' என்று ஒரு வரி.

"இதை யார் எழுதினது?"

"அது நான் சேர்த்தது" என்றார் செயலாளர். "ஒரு கோர்வை வேணும்ல."

"அவன் எங்கேய்யா எல்லார்கிட்டயும் அன்பாப் பழகினான்? உங்ககிட்டயே ரெண்டு வருஷம் மூஞ்சி கொடுத்துப் பேசலை."

"அது கொள்கை வேறுபாடு."

எழுத்தருக்குத் தலைக்குள் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. உயிரோடிருந்தபோதும் அவன் எரிச்சல்தான். மன்றத்தில் தன் கட்சித் தீர்மானத்துக்கே எதிராகக் கை தூக்கிவிட்டு, வெளியே வந்து "மனசாட்சி உறுத்துச்சுடா" என்பான். அந்த எரிச்சலையாவது முழுசாக எழுதலாம் என்றால், அதையும் மழுங்கச் சீவிவிட்டார்கள்.

அவர்கள் அடித்த விஷயம் இதுதான்.

பதினான்கு வருஷத்துக்கு முன், ஒரு மத்தியானம் எழுத்தர் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார். தெரு முனையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அடைப்பெடுக்கக் குழி தோண்டியிருந்தார்கள். எட்டிப் பார்த்தார். சாக்கடைத் தண்ணீருக்குள் குடிதண்ணீர்க் குழாய் முழுகிக் கிடந்தது. குழாய் விரிசல் விட்ட இடத்தில் சைக்கிள் ட்யூப் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சாப்பிட்டுத் திரும்புவதற்குள் குழி மூடப்பட்டு, மேலே கல்லும் பரப்பியாகிவிட்டது. மறுநாள் பொறியாளர், அந்தத் தெருவில் குழாய்கள் நல்ல நிலையில் உள்ளன என்று அறிக்கை வைத்தார்.

மன்ற ஊழியன் அலுவலக விஷயத்தை உறுப்பினரிடம் கொண்டுபோகக் கூடாது. எழுத்தர் டீக்கடையில் ஸ்தோத்திரத்திடம் கொண்டுபோனார். ஸ்தோத்திரம் அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து, சைக்கிள் ட்யூப் வரைக்கும் விடாமல் சொன்னான். "சும்மா கேள்விப்பட்டதா?" என்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒரு வக்கீல் மடக்கினார். பேச்சு வேகத்தில் இருந்த ஸ்தோத்திரம், "என் கண்ணால பார்த்தேன்" என்றான். அந்த ஒரு சொல்லில் கூடம் அடங்கியது. தெரு முழுக்கத் தோண்டிப் புதுக் குழாய் போடத் தீர்மானம் நிறைவேறியது. குறிப்பேட்டில் எழுத்தர், 'உறுப்பினர் தாம் நேரில் கண்டதாகத் தெரிவித்தார்' என்று சந்தோஷமாகக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்தோத்திரம் பதிவேட்டு அறைக்கு வந்தான். குடையை அலமாரியில் மாட்டினான்.

"ரெண்டு ஞாயிறா ஆலயத்துல திருவிருந்து அப்பம் வாங்கலைடா. வரிசையில போறேன், பாதியில திரும்பி வந்துடறேன்."

"உடம்பு சரியில்லையா?"

"பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லிட்டு எப்படிடா கை நீட்டறது? கூட்டத்துல சொல்லிடப் போறேன்."

எழுத்தர் எழுந்து கதவைச் சாத்தினார். "உனக்குக் கிறுக்கா? நான் பார்த்தேன். விஷயம் உண்மை. அப்புறம் என்ன?"

"விஷயம் உண்மை. நான் சொன்னது பொய்."

"தோண்டி முடிக்கட்டும். அப்புறம் சொல்லித் தொலை. எங்க அக்கா அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. உங்க சாமிக்கு அது தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன்." ஸ்தோத்திரம் குடையை எடுத்துக்கொண்டான். "உன் பேரைச் சொல்ல மாட்டேன். அது உன் வேலை விஷயம். நீயா எழுந்து சொன்னா உண்டு."

கூட்டம் தொடங்கியதும் தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்: "போன கூட்டத்துக் குறிப்புல திருத்தம் ஏதும் உண்டா?" எந்தக் கூட்டமும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். தன் இனிஷியல் மாறிவிட்டது என்பதைத் தவிர யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. ஸ்தோத்திரம் கை தூக்கினான்.

"ஏன், எழுத்தர் தப்பா எழுதிட்டாரா?"

"அவர் சரியாத்தான் எழுதியிருக்கார். நான்தான் தப்பாச் சொன்னேன். அந்தக் குழியை நான் பார்க்கலை. பார்த்தேன்னு சொன்னது பொய்."

வக்கீல் மெதுவாக எழுந்தார். லட்டு மாதிரி வந்து விழுந்த கேள்வியை அவசரமில்லாமல் கேட்டார். "அப்ப பார்த்தது யாரு?"

ஸ்தோத்திரம் எழுத்தரின் மேஜைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பார்த்தவங்க இருக்காங்க. பேரை நான் சொல்ல மாட்டேன்."

"பேய் பிசாசா?" என்றார் வக்கீல். கூடம் சிரித்தது.

எழுத்தரின் மேஜை ஸ்தோத்திரத்தின் நாற்காலியிலிருந்து ஏழடி. எழுந்து நின்றிருந்தால் போதும். பேனா பேப்பரில் ஊன்றியபடி நின்றது, மை பரவி ஒரு பொட்டாயிற்று. பிறகு அவர் எழுதினார்: 'உறுப்பினர் பதிலளிக்கவில்லை.'

தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. புதுக் குழாய் வர மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் தெருவே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. காய்ச்சியும் அக்கா வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. எழுந்து நடந்தபோது அத்தான் பாதி ஆளாக இருந்தார்.

இவ்வளவையும் எழுத்தர் எழுதிக் கொடுத்திருந்தார், குறிப்பேட்டில் தான் மாற்றி எழுதிய வரியைத் தவிர. சாட்சியின் இடத்தில் 'யாரோ சொன்னதைக் கேட்டு' என்று போட்டிருந்தார்.

புதன்கிழமை ஸ்தோத்திரத்தின் மனைவியைப் பார்க்கப் போனார். பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வரவேற்பறை முழுக்க மாலை போட்ட படமும் வாடகை நாற்காலிகளும். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வந்திருந்த இரங்கல் கடிதங்களைக் கத்தரியால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்கண்ணே. இதெல்லாம் படிச்சா, நான் வேற யாரோடயோ முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தின மாதிரி இருக்கு. கோபமே வராதாம். போன வருஷம் ரிமோட்டைத் தூக்கிப் போட்டு உடைச்சது யாரு?"

எழுத்தர் மூலப்பிரதியை நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் சேர்த்து முழுசாகப் படித்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள்.

"இதுதான் அவர். இதைப் போட மாட்டாங்களாமா?"

"மாட்டாங்களாம்."

"அவரு பச்சையில அடிச்சாரு, இவரு சிவப்புல அடிச்சாரு." அவள் 'யாரோ' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். "இது யாருண்ணே? அந்த வாரம் பூரா நான் கேட்டேன். பொண்டாட்டிகிட்ட சொன்னா என்னன்னு சண்டை போட்டேன். வாயே திறக்கலை. அதோட இன்னொண்ணு. அதுக்கடுத்த கூட்டத்துக்குப் போயிட்டு வந்து, ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டார். என்னன்னு கேட்டா, 'இன்னிக்குக் கை தூக்கியிருக்கணும், தூக்கலை'ன்னார். அதுவும் என்னன்னு தெரியாது."

எழுத்தருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவர்தான் குறிப்பை உரக்கப் படித்தார். 'உறுப்பினர் பதிலளிக்கவில்லை' என்ற வரியை மட்டும் வேகமாகப் படித்துத் தாண்டினார். திருத்தம் ஏதும் உண்டா என்று தலைவர் கேட்டார். பதிலளித்த உறுப்பினர், கமா தப்பானாலும் கை தூக்குகிற உறுப்பினர், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் பல்வலியைப் பற்றிப் பேசினான். பதினான்கு வருஷம் பல்வலியைப் பற்றித்தான் பேசினான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால், தானும் நாலு வார்த்தை திட்டி, அத்தானின் காமாலையை அவன் முகத்தில் எறிந்து, கணக்கை முடித்திருக்கலாம். அவன் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"டீ போடட்டுமாண்ணே?" என்றாள் அவள். வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. எழுத்தரின் பழைய மேஜையில் புதிதாக வந்த பெண் ஒருத்தி குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரிசையில் வக்கீல், கைத்தடியின் மேல் தாடையை ஊன்றியபடி. செயலாளர் பேசும்போது ஸ்தோத்திரம் ஒரு சமூகப் போராளியாக இருந்தான். போதகர் பேசும்போது ஒரு ஜெபவீரனாக இருந்தான். அந்தப் போராளியும் ஜெபவீரனும் ஒருவரையொருவர் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. எழுத்தருக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நினைவு மலரில் உள்ளதையே படித்தால் போதும் என்று செயலாளர் காதில் சொன்னார்.

எழுத்தர் மலரைத் திறக்கவில்லை.

"முப்பத்தோரு வருஷம் இந்தக் கூடத்துல குறிப்பு எழுதினேன். அதுல ஒரு திருத்தம் இருக்கு" என்றார். "பதினாலு வருஷத்துக்கு முன்னால ஒரு கூட்டத்துல, குழியைப் பார்த்தது யாருன்னு இவர்கிட்ட கேட்டாங்க. உறுப்பினர் பதிலளிக்கவில்லைன்னு எழுதியிருக்கேன். அவர் பதில் சொன்னார். பார்த்தவங்க இருக்காங்க, பேரைச் சொல்ல மாட்டேன்னார். நான்தான் மாத்தி எழுதினேன். பார்த்தவன் நான்."

கூடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பின்வரிசையில் யாரோ, "எந்தக் குழி?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்கள். தலைவர் நாற்காலியில் இருந்தவருக்கு அந்த நாளில் மீசைகூட முளைத்திருக்காது. அவர் செயலாளரைப் பார்த்தார்.

குறிப்பு எழுதும் பெண் தலையைத் தூக்கினாள். "ஐயா, இதை எழுதணுமா?"

"எழுதும்மா."

"வேண்டாம், வேண்டாம்" என்றார் தலைவர். "இது இரங்கல் கூட்டம். குறிப்புல அதெல்லாம் ஏத்த வேண்டாம். ஐயா உணர்ச்சிவசப்பட்டுட்டார்." அந்தப் பெண் எழுதியிருந்த அரை வரியை அடித்தாள். நேர்கோடாக, சுத்தமாக அடித்தாள். எழுத்தர்கூட அப்படித்தான் அடிப்பார்.

இறங்கி வரும்போது வக்கீல் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"இப்ப வந்து சொல்றியா? அன்னிக்கே தெரியும்யா எனக்கு. கேள்வியை அவன்கிட்ட கேட்டேன், பேனா உன் கையில நின்னுச்சு."

"தெரிஞ்சு ஏன் விட்டீங்க?"

"நான் எதிர்க்கட்சி. அதைக் கேட்கிறது என் வேலையா?" வக்கீல் தடியை விலக்கினார். "அவன் சொல்லுவான்னு பார்த்தேன். நீ சொல்லுவேன்னும் பார்த்தேன். ரெண்டும் நடக்கலை. போய் உட்காரு."

முன்வரிசையில் ஸ்தோத்திரத்தின் மனைவி தன் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையையும் அவனுடைய குடையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுத்தர் உட்கார்ந்தார். மேடையில் அடுத்தவர் பேசத் தொடங்கியிருந்தார். அவளும் மேடையைப் பார்த்தபடியேதான் கேட்டாள்.

"அன்னிக்கு எழுந்து சொல்லியிருந்தா வேலை போயிருக்குமாண்ணே?"

போயிருக்கும் என்று சொல்லலாம். பதினான்கு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அதுதான். எழுத்தர் மடியில் கிடந்த மலரைப் பார்த்தார். அட்டைப்படத்தில் ஸ்தோத்திரம், வீங்கிய கன்னத்தோடு, பல்வலியை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

"போயிருக்காதும்மா. விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்திருப்பாங்க."

"மெமோவா?"

"ஆமா. ஒரு காகிதம்."

அவள் தலையை ஆட்டினாள். மேடையில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குடையின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள்.