ஒரே ஒரு பிரதி

கருமாதி வீட்டில் பந்தி இன்னும் முடியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த கருப்பம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார். "தம்பி, எம்மவன் ஆடுன தட்டு கொண்டாந்தியா?" என்று கேட்டார். அவருடைய மகன் சிவஞானம் என் கூட்டாளி. தேயிலைக் கொழுந்து லொறி வளைவில் புரண்டு அவன் செத்து அன்றோடு பதினாறு நாள். டிவிடி தட்டு என் பையில்தான் இருந்தது. ஒன்றே ஒன்று. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று தருகிறேன் என்று செத்த வீட்டில் வைத்து நான் வாய் விட்டிருந்தேன்.

கட்டாரில் நான்கு வருடம் எலெக்ட்ரோனிக் சாமான் கடையில் வேலை செய்துவிட்டு, டிவிடி ரெக்கோடர் ஒன்றோடு ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவன் நான். டிவியில் போவதை அது தன் வயிற்றுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு தட்டில் இறக்கலாம். எங்கள் லயத்து வீடுகளில் யாரிடமும் இல்லாத பெட்டி. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்த வருடம், 2008 மாசியில், சட்டலைட் டிவிக்காரர்கள் வந்து எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தைப் படம் எடுத்தார்கள். எரிந்துபோன காமனுக்காக ரதி விழுந்து புரண்டு அழும் கட்டம் பதினோரு நிமிடம் டிவியில் வந்தது. ரதி வேஷம் சிவஞானத்துக்கு. பெண்டாட்டி சுபாஜினியின் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் ஆடுவான். ஒளிபரப்பான அன்று என் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, "என்னடா, எங்காத்தா மாதிரியே இருக்கேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

கருமாதிக்கு முதல் நாள் அதைத் தட்டில் இறக்கினேன். திரையில் இங்கிலீசில் நாலு வரி வந்தது. கடையில் நாளுக்கு நூறு தடவை அப்படிப்பட்ட வரிகளைப் பார்த்தவன் நான். படிக்காமலே சரி என்று அமுக்கிவிட்டேன். இரண்டாவது தட்டைப் போட்டபோது பெட்டிக்குள் சிவஞானம் இல்லை. ஒளிபரப்பிலேயே ஒரு பிரதிக்குத்தான் அனுமதியாம். தட்டில் இறக்கியதும் உள்ளே இருந்ததைப் பெட்டி தானே அழித்துவிட்டது. பதுளையில் கல்யாண வீடியோ எடுக்கும் பலீல் நானாவின் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அவருடைய கம்ப்யூட்டரும் தட்டைப் பிரதி எடுக்க மாட்டேன் என்றது.

"இது டிவிக்காரன் போட்ட பூட்டு தம்பி," என்றார் பலீல். "நம்ம கையில சாவி இல்ல."

கருமாதி வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். கருப்பம்மாவுக்குப் பிரதி, அனுமதி எதுவும் விளங்கவில்லை. "நீயும் அவன அழிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சுபாஜினி எழுந்து கிட்ட வந்தாள். கட்டி மூன்று வருடம், பிள்ளை இல்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக மெடிக்கல் முடித்திருந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை பயணம். "அத என்கிட்ட குடுங்கண்ணே," என்றாள். "அதுல அவரு கட்டியிருக்கிறது என் சேலை."

"ஏன், அங்க போயி யாருக்குக் காட்டப் போற?" கருப்பம்மாவின் குரல் பந்தி வரைக்கும் கேட்டது. "பொணம் போறப்பவும் ஒரு சொட்டுத் தண்ணி விடாதவ நீ. ஒனக்கு எதுக்கு எம்மவன்?"

அது உண்மைதான். சுபாஜினி அழவில்லை. லயமே அதைப் பேசியது. நானும் ஒருநாள் பேசியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று தட்டை இருவருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வழி சொன்னவர் பலீல்தான். தட்டைப் பெட்டியில் ஓடவிட்டு, டிவித் திரையைக் கமராவால் படம் பிடிப்பது. பிறகு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். படம் மங்கும், ஆனால் பூட்டு இருக்காது. அவருடைய கமராவையே இரவல் வாங்கி வந்து, ஜன்னலில் பெட்சீட்டைக் கட்டினேன். மாமியாரும் மருமகளும் தரையில் ஒரு முழம் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். "யாரும் மூச்சுக் காட்டாதீங்க. சத்தமும் சேர்ந்து பதியும்," என்றேன்.

திரையில் தப்படித்தார்கள். சிவஞானம் வந்தான். சிவப்புச் சேலை, தலை நிறையப் பூ, மீசையை எடுத்த முகம். காமனை எரித்த பொட்டலில் சாம்பலைப் பார்த்ததும் தலையை விரித்துப் போட்டான். கருப்பம்மா முந்தானையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு இருந்தார். அவர்தான் கெடுப்பார் என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அவன் மண்ணில் விழுந்து, இனி நான் யாருக்காக இருப்பேன் என்று மார்பில் அடித்துக்கொண்டான். அப்போது என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. சுபாஜினி. முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். அவன் அடித்த இடத்தில் அவளும் அடித்துக்கொண்டாள். புருசன் பெண்டாட்டியாகி அழுததை அந்தப் பெண்டாட்டி பார்த்து அழுதாள். நான் கமராவை நிறுத்தக் கை நீட்டினேன். கருப்பம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள். படம் முடியும் வரை விடவில்லை. நான் கண்ணைக் கமராவிலிருந்து எடுக்கவில்லை.

முடிந்ததும், "திரும்ப எடுத்துருவோம். சத்தம் எல்லாம் பதிஞ்சிருச்சு," என்றேன்.

"வேணாம்," என்றார் கருப்பம்மா. "எனக்கு இது போதும்." எழுந்து, தட்டு இருந்த பெட்டியைக் காட்டினார். "நல்லத அவகிட்ட குடு." மருமகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். சுபாஜினி தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் கருப்பம்மா என் வீட்டுக்கு வருவார். கமராப் பிரதியைப் போடுவேன். இரண்டு அழுகையும் கலந்து ஓடும். எது மகன், எது மருமகள் என்று சில இடங்களில் எனக்கே தெரியாது. ஒருநாள் கூத்து முடிந்து விளம்பரத்துக்கு முன்னால் படம் இருண்ட இடத்தில், "நிறுத்து தம்பி" என்றார். நிறுத்தினேன். ஒரு நொடி இருட்டு அது. நான் கவனித்ததே இல்லை. அன்றைக்குப் பெட்சீட் ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தில் இருண்ட டிவிக் கண்ணாடியில் விழுந்த நிழலைக் கமரா பிடித்து வைத்திருந்தது. தரையில் இரண்டு பெண்கள். இடையில் இருந்த ஒரு முழத்தைக் காணோம். சின்னவளின் தலை பெரியவளின் தோளில் கிடந்தது.

கருப்பம்மா டிவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தார். கதவு வெளிச்சத்தில் இன்றைய அவருடைய நிழலும் அதே கண்ணாடியில், அந்த இருவருக்கும் பக்கத்தில் விழுந்தது. அவர் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அப்படியே இருந்தார்.