786-க்கு வந்த சலான்

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்த பரிதா, செல்போனை எடுத்துப் பார்த்தாள். போலீஸிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு அபராதமாம். வண்டி எண் டி.என். 29-இல் தொடங்கி 0786-இல் முடிந்தது. இடம் கடத்தூர் சாலை. நேரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டு. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு யாரும் இப்படி ஆடிப்போவதில்லை. விஷயம் வேறு. ஐந்து மாதத்துக்கு முன் அவள் கணவர் அப்துல் சுபானுக்கு வலிப்பு வந்தது. கடையில் துணிக்கட்டுகள் மேலேயே விழுந்ததால் தலை தப்பியது. சேலத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு வண்டிய தொடக்கூடாது. ரோட்டுல வந்துச்சுன்னா நீங்க மட்டும் போகமாட்டீங்க, எதிர்ல வர்றவனையும் கூட்டிக்கிட்டுப் போவீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சுபான் வீட்டுக்கு வந்ததும் பரிதாவின் கையைப் பிடித்து, தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து ஸ்கூட்டர் மாடிப்படிக்கு அடியில் உறை போட்டு நிற்கிறது. சாவி பீரோவில் இருக்கிறது.

ஆனால் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். கடத்தூர்ச் சந்தைக்கு ரெடிமேட் துணி கொண்டுபோய் விற்பது அவருடைய இருபது வருடப் பழக்கம். காலை பதினொன்று நாற்பத்திரண்டு என்பதோ பரிதா பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம். எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது.

சாயங்காலம் கடையிலிருந்து நடந்து வந்தவரைச் செருப்பைக் கழற்றக்கூட அவள் விடவில்லை.

"செவ்வாக்கிழம கடத்தூருக்குப் போனீங்களா?"

"கடத்தூருக்கா? நான் எதுக்குப் போறன்?"

"அதைத்தான் நானும் கேக்கறன்."

அவர் போனை வாங்கி, கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார். "நான் இல்ல பரிதா. அல்லா மேல சத்தியமா நான் வண்டில ஏறல."

"அப்ப வண்டி தானா கடத்தூருக்கு நடந்து போயிட்டு வந்துச்சா? நம்பர் நம்மளுதுதானே?"

நம்பர் அவர்களுடையதுதான். அந்த 786-க்காகவே சுபான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூன்று தடவை அலைந்தார். பிஸ்மில்லாவைக் குறிக்கும் எண் வண்டியில் இருந்தால் நல்லது என்று, எழுதிக் கொடுத்து, கூடுதல் கட்டணமும் கட்டி வாங்கினார். சலானில் போட்டோ இருக்கும் என்று சொன்னார்களே என்று பரிதா குறுஞ்செய்தியில் இருந்த இணைப்பைத் தட்டிப் பார்த்தாள். வெறும் வெள்ளைக் கட்டம்தான் வந்தது. எத்தனை முறை தட்டினாலும் அதே கட்டம்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மாத்திரையை எடுத்து வைத்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அவர் தொழுகைக்குப் போன சமயம் உறையைத் தூக்கி மீட்டரைப் பார்த்தாள். போன மாதம் அதில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே இப்போது பார்த்துப் பயன்! கணக்கு டீச்சருக்கு அன்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "பணத்தக் கட்டிடறன். விஷயம் இதோட முடியட்டும்" என்றாள்.

சாதுவான மனிதர் சுபான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது. "கட்டக்கூடாது! கட்டினா நான் ஓட்டினன்னு ஆயிடும். போலீஸுக்கு ஆனா ஆயிட்டுப் போவட்டும். உனக்கு ஆயிடும்ல? நாளைக்கு ஸ்டேஷனுக்கே போலாம், வா."

தப்புச் செய்தவன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வா என்று கூப்பிடுவானா என்று ஒரு மனது சொன்னது. வீம்புக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று இன்னொரு மனது சொன்னது.

மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். எந்தக் காவல் நிலையம் என்று கேட்காதீர்கள், மனுஷர்கள் வேலை பார்க்கிற எந்த இடத்திலும் நடக்கக்கூடியதுதான் இது. வழியெல்லாம் பரிதாவின் கண்ணில் எதிரே வந்த லாரிகள் மட்டுமே பட்டன. அபராதம் கிடக்கட்டும். அந்தப் படத்தில் இவர் முகம் இருந்துவிட்டால்? நாளை முதல் எந்த நிம்மதியில் அவள் பள்ளிக்கூடம் போவாள்? ஒவ்வொரு போன் அடிக்கும்போதும் உயிர் போய் உயிர் வராதா?

சப் இன்ஸ்பெக்டர் மலர்விழி ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, சலான் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தார். படம் மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல் திறந்தது. பரிதா திரையைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வண்டி என்ன வண்டிங்க?"

"ஸ்கூட்டருங்க. வெள்ளக் கலரு" என்றார் சுபான்.

"இங்க வந்து பாருங்க."

திரையில் ஒரு கறுப்பு பைக், பின்பக்கத்திலிருந்து எடுத்தது. அதில் மூன்று இளவட்டங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் தலையிலும் ஹெல்மெட் இல்லை. நம்பர் பிளேட்டின் மேல்வரி தெளிவாகத் தெரிந்தது. கீழ்வரி முழுக்கச் செம்மண் சேறு. அதற்குக் கீழே மட்கார்டில், பிளேட்டில் இருப்பது போலவே கொட்டை எழுத்தில், 786.

மலர்விழி வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "முருகேஷ், இந்த நம்பர எப்பிடிய்யா படிச்ச?"

கான்ஸ்டபிள் முருகேஷ் வந்து குனிந்து பார்த்தார். "மேல இருக்கறத அடிச்சேங்க மேடம். கீழ 786. நாலு நம்பர் கேட்டுச்சு, முன்னாடி ஒரு சைபரப் போட்டுக்கிட்டேன்."

"அது ஸ்டிக்கர்யா! நம்பரு சேத்துக்குள்ள கெடக்குது."

"அது பிஸ்மில்லாவுக்கு ஒட்டறதுங்க. வண்டிக்குப் பாதுகாப்புன்னு" என்றார் சுபான், ஏதோ தானே ஒட்டிவிட்ட மாதிரி கூச்சத்தோடு.

"அவனுக்குப் பாதுகாப்பு ஆயிடுச்சு. மாட்டுனது நீங்க" என்று மலர்விழி சிரித்தார். முருகேஷ் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே நழுவினார்.

வண்டி தங்களுடையது அல்ல என்று ஒரு மனு எழுதி வாங்கினார்கள். ஆர்.சி. நகலையும், பரிதாவின் போனில் இருந்த ஸ்கூட்டர் படத்தையும் அதோடு சேர்த்தார்கள். "ரத்து பண்ணச் சொல்லி மேல அனுப்பிடறங்க. ரெண்டு மூணு நாள்ல மெசேஜ் வரும். வரலன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று மலர்விழி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் பரிதா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

"ஆயிரம் ரூபாய்க்காம்மா அழுவறீங்க? அதான் கட்ட வேணாம்னு சொல்லிட்டனே!"

பரிதாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, உடம்பே லேசாகிப் போனது.

பஸ் நிறுத்தத்தில் புளியமரத்து நிழலில் நின்றார்கள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் உங்கள நம்பலீங்க. தப்பு என்னுதுதான்."

"சத்தியம் பண்ணேன், நம்பல. சேறு பூசுன பிளேட்ட நம்புன" என்றார் சுபான். குரலில் கோபம் இல்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "முழுசா நல்லவன்னும் நம்பிடாத பரிதா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போன மாசம் ஒருநாள் சாவிய எடுத்தன். வண்டியத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டும் போயிட்டன். ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணப் போறன், எதிர்ல ஸ்கூல் வேன் நின்னு புள்ளைங்க எறங்குச்சுங்க. சாவிய உருவிட்டன். அப்பிடியே தள்ளிக்கிட்டு வூட்டுக்கு வந்துட்டன். உனக்கு வாக்குக் குடுத்தது அப்ப ஞாபகத்துலயே இல்ல. பயம்தான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

ஸ்டேஷனில் பார்த்த படம் அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்குத்தான் சாட்சி. இனி வரப்போகிற நாட்களுக்கு யார் சாட்சி என்றுதான் பரிதா உள்ளூர மறுகிக்கொண்டிருந்தாள். ஊர் திரும்ப வேண்டிய தர்மபுரி பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. நடுரோட்டில் நான்கு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்தீங்கல்ல? எனக்கு அது போதும்ங்க."